மேல் எது என்று தெரியாத படம்

யுத்தம் நடந்த காலம். மழை பொய்த்த ஒரு வருடத்தின் தை மாதம். கொழும்பில் தினமும் கரண்ட் வெட்டினார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், ஒடுங்கிய சந்துக்குள், எனக்குப் படம் பிரேம் போடும் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு வாள், கண்ணாடி வெட்டும் கருவி, சுவரில் சாத்திவைத்த சட்டங்கள். அவ்வளவுதான்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடமும் அதிகம் போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என்னிடம் வருகிற படங்கள் சில வகைதான். மாதா, யேசு, பிள்ளையார், லட்சுமி. கல்யாணப் படம். பட்டம் வாங்கிய பிள்ளையின் படம். பிறகு இறந்தவர்கள். இறந்தவர்களுக்கு மெல்லிய கறுப்புச் சட்டம். வருபவரின் முகத்தைப் பார்த்தே எடுத்து வைத்துவிடுவேன். அந்த வருடங்களில் கறுப்புச் சட்டம்தான் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

ஒரு பின்னேரம் ஒரு பெண் நீளமான அட்டைக் குழாயோடு வந்தார். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. வெள்ளவத்தையில் தாயோடு வாடகைக்கு இருக்கிறார், கோட்டைப் பக்கம் ஒரு கம்பனியில் கணக்கு வேலை. குழாய்க்குள் இருந்து ஒரு பெரிய படத்தை உருவி மேசையில் விரித்தார். நாலு மூலையிலும் கை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றிலும் கறுப்பு. நடுவில் சிவப்பு, ரோஜா நிறம், ஓரமெல்லாம் கலைந்து நீலமாகப் போகிறது. உள்ளே ஓரிடத்தில் கண் கூசும் வெள்ளை. ஆள் இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை. பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள்.

நான் யாரிடமும் படத்தைப் பற்றிக் கேட்கிறவன் அல்ல. இரண்டு கேள்விதான் கேட்பேன். எந்தச் சுவருக்கு? எது மேல்? கொளுக்கி அடிக்க அது தெரிய வேண்டும்.

"எந்தப் பக்கம் மிஸ் மேல?"

"இதுக்கு மேல் கீழ் ஒண்டும் இல்லை அண்ணை."

"அப்படி ஒரு படம் இருக்காதே."

"இது வானம் அண்ணை. வானத்தில என்ன மேல் கீழ்?"

பிறகு அவரே சொன்னார். அவருடைய தம்பி குளிர் நாடு ஒன்றில் இருக்கிறான். பேக்கரியில் வேலை. பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி, அதில் கமராவைப் பூட்டி, வேலை இல்லாத இரவுகளில் இதை எடுத்திருக்கிறான். இதற்கு நெபுலா என்று பெயர். வானத்தில் இருக்கிற ஒரு பெரிய முகில். தூசியும் காஸ் என்கிற வாயுவும். வெள்ளிகள், அதுதான் நட்சத்திரங்கள், அதற்குள்ளேதான் உண்டாகின்றன.

"வெள்ளி பிறக்குமா?" என்று கேட்டேன்.

"ஓம். பிறக்கும், கன காலம் இருக்கும், பிறகு சாகும்."

"எவ்வளவு தூரம்?"

"நாங்கள் பாக்கிற வெளிச்சம் அங்கயிருந்து ராசாக்கள் காலத்தில வெளிக்கிட்டது. அப்ப இந்தச் சண்டை ஒண்டும் இல்லை."

"ராசாக்களும் சண்டைதானே மிஸ் பிடிச்சாங்க."

அவர் சிரித்தார். கடைக்கு வந்த பிறகு அப்போதுதான் முதல் தரம்.

"அம்மா அவனைத் தன்ர போட்டோவை அனுப்படா எண்டு கேட்டவ. போய் இத்தனை வருசம், ஒரு படம் அனுப்பேல்லை. இப்ப அனுப்பினான், இதை. அம்மாவுக்குக் கோவம். எண்டாலும் பிரேம் போட்டுக்கொண்டு வா எண்டு சொல்லிப்போட்டா."

அந்த அளவுக் கண்ணாடி என்னிடம் இல்லை. வர ஒரு கிழமை, ஏழெட்டு நாள், ஆகும் என்றேன். படமும் சுருண்டு கிடந்தது. நிமிரவேண்டும். பலகையில் கிளிப் போட்டு, கடை வாசலுக்கு எதிரே மாட்டி வைத்தேன்.

அதுதான் ஆரம்பம். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து நின்றார்கள். நான் சொல்லவில்லை. என்னவென்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர், "கப்பல்ல இருந்து எண்ணெய் கொட்டுண்டா தண்ணி இப்படித்தான் இருக்கும். விடியக்காலையில பார்க்கணும்" என்றார்.

கிராண்ட்பாஸில் இருந்து வருகிற முஸ்லிம் நானா ஒருவர் கிட்டப் போய்ப் பார்த்தார். "வெத்திலத் துப்பல். இதுக்குமா பிரேம் போடுறாங்க? சல்லி கூடிப் போச்சு மனுசனுக்கு."

மாதாவின் படத்தை எடுக்க வந்த ஒரு அம்மா பேசாமல் சிலுவை போட்டுக்கொண்டார். "என்னம்மா?" என்றேன். "சிறகு தெரியல்லையா உனக்கு?" என்றார். அவர் போன பிறகு நானும் சிறகைத் தேடினேன். இருந்தது. ஒரு பக்கம் மட்டும்.

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி கிளாஸோடு வந்தார். எப்போதும் பகிடி விட்டுச் சிரிக்கிற மனிதர். அவருடைய மகன் ஆமியில் இருந்தான். படத்தைப் பார்த்தார். கிளாஸை மேசையில் வைத்தார். "போம்பய" என்றார். குண்டு. திரும்பிப் போகும்போது, "அதை வாசலுக்கு நேரே வைக்காதே மல்லி" என்றார். மல்லி என்றால் தம்பி.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கண்ணாடி வந்தது. சட்டம் கூட்டினேன். கறுப்பு வேண்டாம் என்று தோன்றியது. வெளிர் மரச் சட்டம் போட்டேன். பின்னால் அட்டை வைத்து, கபிலக் கடதாசி ஒட்டி, கடை லேபலையும் ஒட்டினேன். கொளுக்கி அடிக்கிற நேரம் கை நின்றுவிட்டது. படம் ஏறக்குறையச் சதுரம். ஒரு பக்கம் திருப்பினால் ஒரு பறவை மாதிரி. மற்றப் பக்கம் பூ. தலைகீழாக வைத்தால் யாரோ போர்வையை உதறுவது மாதிரி. எந்தப் பக்கம் அடித்தாலும் மற்ற மூன்றையும் மூடிவிடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் நாலு பக்கமும் நாலு கொளுக்கி அடித்தேன். வேண்டியபடி மாட்டட்டும்.

என் தொழிலில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம். அதனால் என்ன வரும் என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரீவீலரில் நானே கொண்டுபோனேன். பெரிய கண்ணாடி, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சுற்றியிருந்த துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். சிப்பாய் பார்த்தார்.

"மொகக்த மே?" இது என்ன?

"அஹஸ" என்றேன். ஆகாயம்.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். திரும்ப வானத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். எல்லோரும் இப்படி இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அவர்களுடைய வீடு ஒரு பெரிய வீட்டின் பின்னால் ஒட்டியிருந்த ஒரு அறையும் குசினியும். கதவைத் திறந்தவுடன் தெரிகிற சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். தாய் கட்டிலில் இருந்து எழுந்து வந்து கிட்ட நின்று பார்த்தார். மெலிந்த, உயரமான பெண்.

"எங்க மோனை இதில அவன்?" என்று, மகனிடம் கேட்பது போல, என்னிடம் கேட்டார்.

"படம் எடுத்த ஆள் படத்தில வரமாட்டார் அம்மா" என்றேன்.

"அதுதான் எனக்கும் தெரியுமே" என்றார். ஆனாலும் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு கொளுக்கி இருக்கிறது, வேண்டியபடி திருப்பலாம் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அப்ப அலுக்காது" என்றார்.

கரண்ட் போனது. மகள் என்னை வெளியே கூப்பிட்டார். ஒழுங்கையில் நின்று கிழக்கே காட்டினார். காலி வீதி என்ற பெருந்தெருவின் கட்டடங்களுக்கு மேலே மூன்று வெள்ளி ஒரே வரிசையில் இருந்தன. அதற்குப் பக்கத்தில் மங்கலாக ஒன்று தெரியும், அதுதான் படத்தில் இருப்பது என்றார்.

"தெரியுதா அண்ணை?"

மூன்று வெள்ளி தெரிந்தது. மற்றது தெரியவில்லை. அவர் ஆசையோடு காட்டுகிறார். "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அது உறுத்தியது. ஒன்றைப் பார்க்காமல் பார்த்தேன் என்று ஏன் சொன்னேன்? அடுத்து வந்த நாட்களில் கரண்ட் போகிற நேரமெல்லாம் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எதிர்க்கடைப் புகை, கம்பிகள், பக்கத்து மாடி. ஒன்றும் தெரியவில்லை.

பங்குனியில் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதன் பிறகு வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சோதனை. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்களுக்கு அது புதிதல்ல. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, எங்கே இருந்து வந்தாய், ஏன் வந்தாய்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் என் கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. இறங்கிய பொலிஸ்காரர் என் கடை லேபலைக் கையில் வைத்திருந்தார். படத்தின் பின்பக்கத்தில் இருந்து கிழித்தது. ஏறு என்றார். தேத்தண்ணிக் கடை முதலாளி ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டார். அவரே என் கடையின் பலகைகளைப் போட்டு மூடுவதை ஜீப்புக்குள் இருந்து பார்த்தேன்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது வேண்டாம். உள்ளே போனதும் தாயைத்தான் முதலில் கண்டேன். நீள வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"காலமை வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திட்டாங்கள்" என்றார். "படத்தையும் கழட்டினவங்கள். குண்டு வெடிக்கிற படமாம். ஏன் வீட்டில வைச்சு ரசிக்கிறாய் எண்டு கேட்டவங்கள். அவள் விளங்கப்படுத்தினாள். விளங்கப்படுத்த விளங்கப்படுத்தப் பிழைச்சுப் போச்சு."

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. தம்பி வெளிநாட்டில். அனுப்பியது படம். படத்தில் காஸ். அதுவும் மகளுக்குச் சிங்களம் குறைவு, இங்கிலிஷில் சொல்லியிருப்பார். உண்மைதான் எல்லாம். கேட்கிறவருக்கு அது கட்டுக்கதை மாதிரித்தான் இருந்திருக்கும். இரவுக்குள் விடாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவார்கள் என்று வாசலில் நின்றவர் தாயிடம் சொல்லியிருக்கிறார். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வெகுநேரம் வைத்திருந்து, பொழுது பட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு என் வயது இருக்கும். இடது கையில் கட்டுப் போட்டிருந்தார். மேசையில் படம் குப்புறக் கிடந்தது. பின்னால் ஒட்டியிருந்த கடதாசியைக் கத்தியால் கீறித் திறந்திருந்தார்கள். பேச்சு முழுவதும் சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன், மஹத்தயா என்ற மரியாதைச் சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"நீதானே இதுக்கு பிரேம் போட்டது?"

"நான்தான் மஹத்தயா."

"என்ன படம் இது?"

"ஆகாயம்."

"எந்த ஆகாயம்? நான் தினம் பார்க்கிற ஆகாயத்தில இது இல்லையே."

அது நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

"பின்னால எதுக்கு நாலு கொளுக்கி? ஒரு படத்துக்கு ஒண்ணு போதாதா? இதுக்குள்ள என்ன வைக்கப் பார்த்தீங்க?"

உள்ளே ஒன்றும் இல்லை. அட்டைதான் இருந்தது. ஒன்றும் இல்லாததுதான் அவருக்கு இன்னும் சந்தேகம்.

"எது மேல் என்று எனக்குத் தெரியல்ல மஹத்தயா. அதுதான் நாலு பக்கமும் அடிச்சேன்."

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக் கிட்ட வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். படத்தை நிமிர்த்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் அன்றைக்கு அங்க நின்றேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது. "இதே நிறம்."

அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்த மனிதரிடம் நான் என்ன சொல்வது?

அவர் ஒரு கையால் படத்தை ஒரு பக்கம் திருப்பினார். பார்த்தார். இன்னொரு பக்கம் திருப்பினார். எழுந்து நின்று பார்த்தார். நான் கொளுக்கி அடிக்கிற நேரம் நின்ற மாதிரியே நின்றார்.

"நிலம் எங்க?" என்றார்.

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரும் குனிந்து பார்த்தார்.

"வெடிச்சா ஒரு நிலம் இருக்கும். புகை மேல போகும். இதில நிலமே இல்லையே." மறுபடி திருப்பினார். "எங்க இருந்து எடுத்திருக்கான் இதை?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. பொலிஸ்காரரின் குரலாக இல்லை. என் கடை வாசலில் நின்று கேட்டவர்களின் குரலாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. கடையில் மாட்டி வைத்ததையும், துறைமுகத்து ஆள் சொன்னதையும், வெற்றிலைத் துப்பலையும், சிறகையும் சொன்னேன். தேத்தண்ணிக் கடை முதலாளி சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். வெற்றிலைத் துப்பலுக்கு மூலையில் இருந்த வயதான சார்ஜன் சிரித்துவிட்டார்.

"இது உண்மையில ஆகாயத்தில இருக்கென்றா, நீ கண்ணால பார்த்திருக்கியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அந்த ஒழுங்கையில் அந்தப் பெண்ணிடம் சொன்ன "ஓம்" நினைவுக்கு வந்தது. இப்போதும் ஓம் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு உதவி என்று பட்டது. இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்றும் பட்டது. ஆனால் பார்த்தேன் என்று சொன்னால் எங்கே, எப்படி என்று கேட்பார். எனக்குத் தெரியாது.

"மூணு வெள்ளி பார்த்தேன் மஹத்தயா. அதுக்குப் பக்கத்தில இது இருக்கு என்று அந்த மிஸ் காட்டினாங்க. என் கண்ணுக்குத் தெரியல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் கரண்ட் போனது.

இருட்டில் மேசைக்குப் பின்னால் கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. "வா" என்றார். "காட்டு."

முற்றத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர், சார்ஜன், டோர்ச் பிடித்த ஒரு பொலிஸ்காரர், நான். காலி வீதியில் ஒரு விளக்கும் இல்லை. நான் கிழக்கே பார்த்தேன். தை மாதம் அங்கேதான் இருந்தது. இப்போது இல்லை. ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை தேடினேன். வெள்ளிகள் இருந்தன. வரிசையாக மூன்று இல்லை. பூட்டிய அறைக்குள் ஒருத்தி, வாங்கில் தாய், நான் இங்கே வானத்தில் ஒன்றைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

"எதை மல்லி தேடுறே?" சார்ஜன் கேட்டார்.

"மூணு வெள்ளி. ஒரே வரிசையில."

"அதா? அதை ஏன் அங்க தேடுறே? தலைக்கு மேல இருக்கு." அண்ணாந்து விரலை நீட்டினார். "எங்க ஊர்ல சேனைப் பயிருக்குக் காவல் இருக்கிற நேரம் இதைப் பார்த்துத்தான் நேரம் சொல்லுவோம். நேரத்தோட அது நகரும். மாசத்தோடயும் நகரும். வரும்போது ஒரு மாதிரிப் படுத்திருக்கும், போகும்போது இன்னொரு மாதிரி."

அண்ணாந்தேன். இருந்தது. தையில் சாய்ந்து கிடந்தது இப்போது வேறு மாதிரித் திரும்பி இருந்தது. கொளுக்கி மாற்றி மாட்டியது மாதிரி.

"அதுக்குக் கீழ ஒண்ணு மங்கலா இருக்கு" என்று சார்ஜன் தொடர்ந்தார். "சின்ன வயசில என் கண்ணில பிழை என்றுதான் நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் டோர்ச்சை அணைக்கச் சொன்னார். வாசலில் மணல் மூட்டைக் காவலரணில் நின்றவரிடம் தூரக்கண்ணாடி இருந்தது. அதை வாங்கிவரச் சொன்னார். ஒரு கையால் பிடித்து அண்ணாந்தார். கை ஆடியது. சார்ஜன் அவருடைய தோளைப் பின்னால் இருந்து தாங்கிக்கொண்டார். கடல் பக்கம் ஒரு ரயில் போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை அவர் பார்த்தார்.

"நிறம் இல்லை" என்றார். "ஆனா இருக்கு. சாம்பல் மாதிரி. பஞ்சு மாதிரி." பிறகு, "இதுக்குள்ளயா அவ்வளவும்?"

தூரக்கண்ணாடியை என்னிடம் தந்தார். மூன்று வெள்ளி பெரிதாகத் தெரிந்தன. கீழே இறக்கினேன். ஒரு மூச்சு விட்ட இடம் போல, கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படிகிற ஆவி போல ஒன்று. நடுவில் ஓர் ஊசிப் புள்ளி வெளிச்சம். என் கடையில் ஒரு கிழமை மாட்டி வைத்திருந்ததும், என் கையால் துடைத்துக் கண்ணாடி போட்டதும் இதுதான். அந்த நேரத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பொலிஸ் முற்றத்தில் நின்று அதை மறந்தவன் அந்தக் காலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்ஸ்பெக்டர் உள்ளே ஆள் அனுப்பி மகளைக் கூட்டிவரச் சொன்னார். தாயும் பின்னால் வந்தார். மகளுடைய கண் வீங்கியிருந்தது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார்.

"நிறம் ஏன் தெரியல்ல?" இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். விசாரணை மாதிரித்தான் இருந்தது. ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

மகள் மெதுவாகச் சொன்னார், நான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். எங்கள் கண் அந்தந்த நேரத்து வெளிச்சத்தைத்தான் பார்க்கும். கமராவைத் திறந்து வைத்தால் அது வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சேரச் சேரத்தான் நிறம் வரும். அதுவரை வானத்தோடு சேர்த்துத் தொலைநோக்கியையும் மெல்ல மெல்லத் திருப்பவேண்டும். கை நடுங்கினால் படம் போய்விடும்.

"குளிரிலயா?"

"ஓம். பனிக்குள்ள நிண்டு."

"இதுக்கு யாராவது சம்பளம் குடுக்கிறாங்களா அவனுக்கு?"

"இல்லை."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். அது அவருக்கு வெள்ளியை விட ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

அப்போது தாய் தூரக்கண்ணாடிக்குக் கை நீட்டினார். யாரிடமும் கேட்கவில்லை. நான் கொடுத்துவிட்டேன். சார்ஜன் அவருடைய தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று காட்டினார். தாய் வெகுநேரம் தேடினார். பிறகு அசையாமல் நின்றார்.

"இதையே அவன் பாத்தவன்?"

"ஓம் அம்மா. இதைத்தான்."

"இப்பவும் பாத்துக்கொண்டு நிப்பானோ?"

"அங்க இப்ப பகல் அம்மா. இனித்தான் இருளும்."

தாய் கண்ணை எடுக்கவில்லை. "சரி" என்றார். "நாங்கள் பாத்து முடிய அவன் பாப்பான்."

அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. சார்ஜனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் போல. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

கரண்ட் வந்த பிறகு மகளிடம் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிரவே விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. படத்தை என்னிடம் தந்து, பின்பக்கத்தைச் சரிசெய்துவிடு என்றார்.

"எத்தனை கொளுக்கி போடுவே?"

"நாலு மஹத்தயா."

"ஒண்ணு போடு. எங்க ஆட்கள் திரும்பவும் வருவாங்க."

சார்ஜன்தான் வழி சொன்னார். மேசையில் இருந்த பேனையை எடுத்து, பின்னால் இருந்த அட்டையில் பெரிய சிங்கள எழுத்தில் எழுதினார். இது ஆகாயத்தின் படம், பரிசோதிக்கப்பட்டது. கீழே கையெழுத்தும் போட்டார். கிழிந்த கடதாசிக்குப் பதில் வேறு ஒட்டும்போது அந்த எழுத்தை மறைக்காமல் ஒட்டினேன். கொளுக்கி நாலும் அப்படியே இருந்தன. பிறகும் சோதனைக்கு வந்தார்கள். படத்தைத் திருப்பினார்கள், வாசித்தார்கள், சிரித்துவிட்டுப் போனார்கள் என்று மகள் கடைக்கு வந்து சொன்னார். எங்களைப் போல அந்தப் படமும் பொலிஸ் பதிவோடுதான் கொழும்பில் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவர்களுக்கும் வீசா கிடைத்தது. போகிற கிழமை தாயும் மகளும் திரீவீலரில் வந்து படத்தை என் மேசையில் வைத்தார்கள். கண்ணாடியோடு பிளேனில் கொண்டுபோக முடியாது. சட்டத்தைக் கழற்றிப் படத்தைச் சுருட்டித் தரட்டுமா என்றேன். தாய் வேண்டாம் என்றார்.

"படம் எடுத்த ஆளையே நான் பாக்கப் போறன் மோனை. இது உன்னட்டை இருக்கட்டும்."

அது இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிறம் வெளுத்துவிட்டது. தேத்தண்ணிக் கடை முதலாளி இருந்தவரை அதைப் பார்க்காமல்தான் வந்துபோனார். அவருக்காக நான் அதை வாசலுக்கு நேரே மாட்டாமல் பக்கச் சுவருக்கு மாற்றியிருந்தேன். மற்றவர்கள் இப்போதும் இது என்ன என்று கேட்கிறார்கள். நான் உடனே சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள் என்கிறேன். ஒவ்வொருவரும் தன் மனதில் இருப்பதைச் சொல்கிறார். அலுத்துப்போனால் படத்தைக் கழற்றி வேறு கொளுக்கியில் மாட்டுகிறேன்.

யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும் எது மேல் என்று இன்றைக்கும் கேட்கிறேன். முன்பு கொளுக்கிக்காகக் கேட்டேன். இப்போது, எனக்கு விளங்காத ஒன்று முன்னால் வந்தால் பயப்படுவதற்கு முன் ஒரு தரம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் கேட்கிறேன்.